ஓட் என்றும் ஆட் என்றும் ஒரு வார்த்தை

நேற்றுக் காலையில் நம் பழைய வகுப்புக் குரூப்பில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். ஐந்து பறவைகள், அதில் கூட்டத்தோடு சேராத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கொரு பதில் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. படத்துக்கு மேலே இருந்த ஆங்கில வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். ஓ, டி, டி. மூன்றே எழுத்து. அது எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த காரியத்தை உங்களிடம் நான் சொன்னதேயில்லை. அதில் ஒரு துண்டை நீங்கள் நேரிலேயே பார்த்திருக்கிறீர்கள். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்த நாளில் நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள். நான் ஏன் அழுதேன் என்று அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை. இப்போது கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நாம் ஆறாம் வகுப்பு. உங்களில் பலரும் சின்ன வகுப்பிலிருந்தே அந்தப் பள்ளிக்கூடம். நான் அதுவரை கரமனையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் கிழக்கேகோட்டைப் பக்கம் பஸ் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்கு வந்தேன். ஜூன் மாசம் இடவப்பாதி மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. ஈரப் பாவாடைகளின் வாடையும், குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் வராந்தாவில் ஓடை மாதிரி ஓடியதும் உங்களுக்கும் நினைவிருக்கும். எனக்கு அதோடு சேர்த்து ஒரு பயமும் நினைவிருக்கிறது. பாதி வார்த்தை இங்கிலீஷ், மீதி மலையாளம். இரண்டிலும் நான் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தேன்.

கணக்கு ஸார் ஒருநாள் மேஜையில் ஏழு சாக்பீஸை வைத்து இரண்டிரண்டாக நகர்த்தினார். கடைசியில் ஒன்று தனியே நின்றது. "இது ஓட்," என்றார். எனக்கு ஓடு என்றால் எங்கள் வீட்டுக் கூரையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓடுதான். சாக்பீஸுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பீரியட் முழுக்க யோசித்தேன். அதே வாரம் இங்கிலீஷ் மிஸ் பலகையில் மாங்காய், பலாச்சக்கை, வாழைக்காய், குடை என்று நான்கை எழுதி, ஒட்டாத ஒன்றைச் சொல்லச் சொன்னார். குடை என்று எல்லாரும் கத்தினீர்கள். அதற்கும் ஓட் என்றே பெயர்.

வீட்டில் அப்பா 'ஆட்' என்று வேறொன்று சொல்வார். அப்பா அரசு ஆபீசில் கிளார்க். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அன்றைக்குத் தன் ஆபீசர் பைலில் எழுதியதை அம்மாவுக்கு நடித்துக்காட்டுவது அவருக்குப் பிடிக்கும். "இட் இஸ் ஆட் தட் தி பேப்பர்ஸ் ஹாவ் நாட் பீன் புட் அப்," என்று மூக்கை உயர்த்திச் சொல்வார். ஆட் என்றால் என்னப்பா என்று கேட்டேன். மரை கழன்றது என்று அர்த்தம், பெரிய ஆபீசர்கள் கோபத்தை மரியாதையாக எழுத அந்த வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

பள்ளிக்கூடத்து ஓட் வேறு, வீட்டு ஆட் வேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னது அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்பாதான் அவளைத் திருநெல்வேலியிலிருந்து இங்கே கூட்டிவந்து படிக்கவைத்தார். அந்த வருஷம் அவளுக்கு இருபத்தொன்பது. டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் மாட்டும் கருவியின் பட்டை அழுத்தி அவள் தலைமயிரில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அந்தப் பள்ளம் போகாது. மழைக்காலத்தில் அவள் டியூட்டி முடிந்து பஸ் இறங்கும்போது குடையோடு போய் நிற்பது என் வேலை. மூங்கில் பிடி போட்ட பெரிய குடை. இருவர் தாராளமாக நடக்கலாம்.

"ரெண்டும் ஒண்ணுதான்ட்டி," என்றாள் ஒருநாள் நடந்துகொண்டே. "மலையாளி வாயில ஓட், நம்ம வாயில ஆட்." தன் டியூட்டி நேரத்தைக்கூட ஆட் அவர்ஸ் என்றுதான் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள், எல்லாரும் வேலைக்குப் போகிற நேரத்தில் வீட்டுக்கு வருவதும், வருகிற நேரத்தில் போவதும் என்று விளக்கினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மிச்சம் நின்ற சாக்பீஸும், மாங்காயோடு சேராத குடையும், ஆபீசரின் கோபமும், அத்தையின் டியூட்டியும் ஒரே வார்த்தையில் எப்படி அடங்கும்? சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். புதிதாகக் கிடைக்கும்போது அத்தையும் கொண்டுவந்து தருவாள். நடுவில் ஒட்டுப்போட்ட அந்த நோட்டு எந்த வீடு மாற்றியபோது போயிற்றோ தெரியாது.

கடிதம் வந்தது ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அத்தை டியூட்டியில் இருந்தாள்.

அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அப்பா எழுதியிருந்தார். பையனின் பெரியப்பா பதில் போட்டிருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவாரே தவிர எழுத வராது. அதனால் கடிதம் இங்கிலீஷில். கூடவே ஒரு சின்னப் படம். உயரமான ஒருவர் பூச்சாடி வைத்த ஸ்டாண்டின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றார்.

அப்பா கடிதத்தை அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். குடும்பம், குலதெய்வம், ஃபேன் கம்பெனியில் வேலை, எல்லாம் சரி. பிறகு ஒரு வரியில் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்த வரியை இங்கிலீஷிலேயே இரண்டு மூன்று தரம் வாசித்தார். "ஹி இஸ் தர்ட்டி ஆட், டால், அண்ட் ஆஃப் கொயட் ஹேபிட்ஸ்."

அவர் முகம் மாறிவிட்டது. முப்பது வயசு, மரை கழன்றவன், உயரம், பேச்சுக் கிடையாது என்று அம்மாவிடம் சொன்னார். அப்படி யாராவது தங்கள் பையனைப் பற்றித் தாங்களே எழுதுவார்களா என்று அம்மா கேட்டாள். பெரிய மனுஷர்கள், பின்னால் பழி வரக்கூடாது என்று உள்ளதை எழுதியிருக்கிறார்கள் என்றார் அப்பா. மரியாதையாக எழுத அந்த வார்த்தைதானே இருக்கிறது என்றும் சொன்னார். அலமாரியிலிருந்து அட்டை போன டிக்ஷனரியை எடுத்துப் பார்த்தார். விசித்திரமான, ஒற்றையான என்று போட்டிருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, ஓ டி டி. இதுக்கு உங்க ஸ்கூல்ல என்ன அர்த்தம் சொன்னாங்க?"

எனக்கு அப்போது வந்த பெருமையை என்னவென்று சொல்வது. வீட்டில் பெரியவர்கள் இங்கிலீஷில் சந்தேகம் வந்து என்னைக் கேட்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன். "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா சேர்த்தா, ஜோடி கிடைக்காம கடைசில நிக்குமே, அது. அப்புறம் கூட்டத்தோட ஒட்டாதது."

அம்மா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அடுத்த தபாலில் படம் திரும்பிப் போனது. ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதினார். அத்தையிடமும் அதையே சொன்னார்கள். அவள் "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, படம் ஏதும் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டாள். வரவில்லை என்று அம்மா சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி உங்களுக்குத் தெரிந்த நாள். விழிஞ்ஞம் கடற்கரைக்கு நம்மைக் கூட்டிப்போவதாக இருந்தது. பெயர் கொடுத்தவர்களின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் மிஸ், "தர்ட்டி ஓட் கேர்ள்ஸ் ஹாவ் கிவன் தெயர் நேம்ஸ்," என்றார். நான் எழுந்து நின்றேன். பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மிஸ், நாங்கள் யாரும் ஓட் இல்லை என்றேன்.

நீங்கள் சிரித்தது வாசல்வரை கேட்டது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். "மோளே, முப்பதும் சில்வானமும். அத்ரேயுள்ளூ."

சில்வானம் என்றால் நம் தமிழில் சொச்சம். முப்பத்திச் சொச்சம். எண்ணிக்கை சரியாகத் தெரியாதபோது, அல்லது சொல்ல வேண்டாம் என்று நினைக்கும்போது போடுகிற வார்த்தை. அவ்வளவுதான். பம்பாய்க்காரர் தம்பி மகனுக்கு முப்பத்திச் சொச்சம் வயது என்று எழுதியிருக்கிறார். நான் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது அதற்குத்தான். நீங்கள் கேலி செய்ததற்காக என்று நினைத்து ஒருத்தி எனக்கு நெல்லிக்காய் தந்தாள். அது யாரென்று இப்போது தெரியவில்லை. இதைப் படித்தால் சொல்லட்டும்.

விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. மணலில் காயப்போட்டிருந்த மீனின் வாடைதான். அத்தையின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லப் பயம். அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் போகும்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அத்தை இறங்கியதும் குடையைக்கூட விரிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் முடித்ததும் அவள், அந்த இங்கிலீஷ் வரியை இன்னொரு தரம் சொல்லு என்றாள். சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டைக்குப் போகிற பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றி, போனது.

"நீ தெரிஞ்சதைத்தானே சொன்ன," என்றாள். "நாள் முழுக்க இந்த வார்த்தை என் காதுல விழுது. ட்வென்டி ஆட் மினிட்ஸ் ஆச்சு, லைன் எங்கேன்னு எத்தனை பேர் சத்தம் போடுறாங்க தெரியுமா? வீட்டுல இருக்கிற என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல்ல பாரு."

வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றாமலே அப்பா முன்னால் போய் நின்று, அந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். என்ன கடிதம் என்று அப்பா கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தை அந்த வார்த்தைக்குப் பொருள் சொன்னாள். அப்பா, பொம்பளைப் பிள்ளையிடம் வரன் கடிதத்தைக் காட்டுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது என்று சத்தம் போட்டார். வார்த்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அத்தை டியூட்டிக்குப் போகுமுன் என் நோட்டை வாங்கி, அட் ஆட்ஸ் என்று அவளே எழுதினாள். என்ன அர்த்தம் என்றேன். "இப்போ உங்க அப்பாவும் நானும் இருக்கிற இருப்பு," என்றாள்.

அம்மாதான் கடிதத்தை எடுத்துக்கொடுத்தாள். அப்பாவின் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்ததாம். அதோடு அப்பா முதலில் எழுதியதன் நகலும் இருந்தது. அதில் அத்தைக்கு இருபத்தைந்து வயது என்று போட்டிருந்தது. அத்தை அதை இரண்டு தரம் வாசித்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே பம்பாய்க்கு நாலு வரி எழுதினாள். அண்ணன் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டார், ஜாதகத்தில் ஒன்றுமில்லை, எனக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது, விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம். தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவிடமும் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஓண லீவில் அந்தப் பம்பாய் மாப்பிள்ளை வந்தார். ஆபீஸ் வேலையாகக் கன்னியாகுமரிக்குப் போகிற வழியில், தனியாக. வயது முப்பத்தெட்டு என்று உட்கார்ந்ததும் அவரே சொன்னார். சொச்சம் எட்டா என்று அம்மா அடுக்களையில் என் காதில் சொன்னாள். உயரம்தான். ஆனால் அந்தக் கொயட் ஹேபிட்ஸ் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எங்கள் ஃபேனை அண்ணாந்து பார்த்து அதன் வயதைச் சொல்லி ஆரம்பித்தார். அதன் பிளேடு, காயில், பம்பாய் உஷ்ணம், கம்பெனியில் அவருக்கு மேலே இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள், ஒரு மணி நேரம் பேசினார். நல்லவராகத்தான் தெரிந்தது. அப்பா, பாவம், அத்தனை விளக்கம் கேட்ட பிறகும் அவரை ஓரக்கண்ணால் ஆராய்ந்துகொண்டேயிருந்தார். நானும்தான். அவர் ஏத்தன் வாழைக்காய் வறுவலில் முழு வட்டங்களை மட்டும் தின்று, உடைந்ததையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். இதை நோட்டில் எழுதலாமா என்று யோசித்தேன்.

அத்தை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி டம்ளர் கையில் ஆறிப்போனது. அவர் எழுந்து விடைபெற்று மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று கிளம்பினார்.

அப்பாவுக்குத் திருப்தி. தங்கமான ஆள், உடனே எழுதிப்போட்டுவிடலாம் என்றார். அத்தை, வேண்டாம் அண்ணே என்றாள்.

அப்பாவுக்கு முதலில் காதில் விழாத மாதிரி இருந்தது. பிறகு கேட்டார். "நான் வேண்டாம்னு எழுதினப்போ அது குத்தம்னே. இப்போ நீயே வேண்டாங்கே. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணில்ல அண்ணே. நீங்க வார்த்தையைப் பார்த்து வேண்டாம்னீங்க. நான் ஆளைப் பார்த்துச் சொல்லுதேன்."

"அவருக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரம் இருந்தாரு. என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல்ல. என்ன வேலை பார்க்கேன்னுகூட."

அப்பாவும் அந்த ஒரு மணி நேரமும் அங்கேதான் இருந்தார். யோசித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கெடுத்தது சரியாகி, சரியானதை அத்தையே கெடுத்துவிட்டாள் என்றுதான் பட்டது. அப்பா மேல் அவளுக்கிருந்த கோபம்தான் அப்படி வெளியே வந்தது என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவையும் தப்பாகத்தான் நினைத்தேன். அரைகுறை இங்கிலீஷும் பெரிய தோரணையும் என்று. என் மகளுக்கு வரன் பார்த்த வருஷம்தான் அவர் முகம் எனக்குத் திரும்ப வந்தது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்த முகம். தாயில்லாத தங்கையைத் தெரியாத ஊரில் யாரோ ஒருவர் கையில் கொடுக்கப்போகிறவருக்கு எந்த வார்த்தையும் பயமாகத்தான் தெரியும். மோசமான அர்த்தம்தான் முதலில் கண்ணில் படும். நானும் ஒரு மின்னஞ்சலை அப்படி உட்கார்ந்து வாசித்திருக்கிறேன்.

அத்தைக்கு முப்பத்திரண்டு வயதில் கல்யாணமாயிற்று. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி வாத்தியார். அவள் சூப்பர்வைசராகி ரிட்டையர் ஆனாள். இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். போன மாசம் அவளிடம் கேட்டேன், பம்பாய்க்காரரை வேண்டாமென்றது உண்மையிலேயே அவர் கேள்வி கேட்காததற்காகத்தானா என்று. வேறெதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது அந்த வருஷத்தின் கடைசி. ஐப்பசி, துலா மாசத்து மழை, மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருமே, அந்தக் காலம். அத்தைக்கு அன்று மத்தியான டியூட்டி. காலையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அப்பா வாசலில் தபால்காரரிடம் வாங்கிய ஒரு நீள உறையோடு உள்ளே வந்தார். மதராஸ் முத்திரை, மேலே விலாசம் இங்கிலீஷில். வரன் கடிதம் என்று பார்த்தாலே தெரிந்தது. வழக்கமாக அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். அன்றைக்கு உறையைப் பிரிக்கவில்லை. அத்தையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் படாமல் கொஞ்சம் தள்ளிவைத்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அத்தை கை கழுவிவிட்டு வந்தாள். உறையின் ஓரத்தைப் பொறுமையாகக் கிழித்தாள். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"இருங்க மைனி," என்றாள் அத்தை. "முதல்ல நான் படிக்கேன்."